டிரையர் பக்கத்தில் கேட்ட பேச்சு

கோத்தகிரிக்கு அருகே, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் உதவி மேலாளராக நான் சேர்ந்தபோது எனக்கு வயது 26. வேதியியலில் பட்டமும் அதன் மேல் மேலாண்மையில் பட்டயமும் கையில் இருந்தன. தலைமைப் பொறுப்புக்கு வர விரும்புகிறவன் புதிதாகச் சிந்திக்க வேண்டும், அந்தப் புதுமை தன்னிடமிருந்தே பிறக்க வேண்டும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஆகவே முதல் மூன்று மாதங்களில் அந்தத் தொழிற்சாலையின் எல்லாச் சுவர்களிலும் ஏதாவது ஒரு அட்டவணையை ஒட்டி வைத்தேன். அவற்றில் ஒன்று எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

கொழுந்து மாலையில்தான் லாரிகளில் வந்து சேரும். அதை ட்ரஃப் என்று நாங்கள் சொல்லும் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, இரவு முழுவதும் வாட்டுவோம். விடியற்காலை மூன்று மணியளவில் வாடிய இலை சி.டி.சி. உருளைகளுக்குள் போகும். நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும் அந்த இலைக்கு டூல் என்று பெயர். அதைத் தரையில் பரப்பினால், இலையிலேயே உள்ள நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கும். பச்சை நிறம் மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறும். எந்த நிமிடத்தில் அதை அள்ளி, சூட்டில் உலர்த்தும் டிரையருக்கு அனுப்புகிறோம் என்பதில்தான் தேநீரின் நிறமும் விறுவிறுப்பும் அடங்கியிருக்கின்றன. முன்கூட்டி அள்ளினால் பச்சை வாடை தங்கிவிடும். பிந்தினால் தேநீர் நிறம் கூடிச் சாரமற்றுப் போகும்.

இந்த நேரத்தைத்தான் நான் 60 நிமிடம் என்று அச்சடித்து ஒட்டியிருந்தேன். ஜூனில் அது சரியாகவே இருந்தது. டிசம்பரில் இரவு வெப்பநிலை 8 டிகிரிக்கு இறங்கியபோது, சிமெண்டுத் தரையில் கிடந்த டூல் 60 நிமிடத்திலும் பாதிப் பச்சையாகவே இருந்தது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "சார், இன்னும் பச்சை வாடைதான் அடிக்குது. இன்னொரு அரை மணி நேரம் விடலாம்" என்றார். நான் சுவரைக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அள்ளச் சொல்லிவிட்டார். அந்த மௌனத்தை நான் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து பெற்றோருடன் சிறுவனாக வந்தவர் அவர். துரை சொன்னதற்கு எதிர்ச்சொல் சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்ட ஒரு வாழ்க்கையிலிருந்து வந்த மௌனம் அது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஒவ்வொரு வாரமும் எங்கள் தூளைச் சுவைத்துப் பார்த்துப் புரோக்கர் அனுப்பும் குறிப்பு அலுவலகத்துக்கு வரும். அந்த டிசம்பரில் தொடர்ந்து மூன்று வாரம், தூள் பச்சையாக இருக்கிறது, தேநீரில் பொலிவில்லை என்றே குறிப்பு வந்தது, விலையும் இறங்கியது. ஏற்கெனவே பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காமல் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள் ஒவ்வொன்றிலும் விவசாயிகள் மனம் நொந்திருந்த காலம் அது. எங்கள் தூள் விலை இறங்கினால் அடுத்த மாதம் அவர்கள் கைக்குப் போகும் பணமும் குறையும் என்பதால், என் அட்டவணையின் தவறு எனக்குள் மட்டும் முடிந்துவிடவில்லை.

யோசனைப் பெட்டி ஒன்று வைத்தேன். ஒரு மாதம் காலியாகவே இருந்தது. எழுத்து பழகாதவர்கள் சிலர். எழுதத் தெரிந்தவர்களுக்கோ தங்கள் கையெழுத்து அடையாளம் காட்டிவிடும் என்ற தயக்கம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை நடக்கும் இடத்தில் பேச்சு எங்கே நடக்கிறது என்று அதன்பின் கவனிக்க ஆரம்பித்தேன். மலையில் குளிர்கால இரவு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். டிரையர் அடுப்பைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்பார்கள். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் கையைச் சூடேற்றிக்கொண்டே ஊர்க்கதையும் வேலைக்கதையும் பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஆகவே ஒரு நாள் வெறுங்கையோடு போகாமல், அந்த வாரத்துப் புரோக்கர் குறிப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் விளக்கிப் படித்தேன். டீமேக்கர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "22 வருஷமா தூள் போடுறேன் சார். நம்ம தூளைக் குடிச்சுப் பாத்தவங்க என்ன சொன்னாங்கன்னு இன்னைக்குத்தான் காதுல விழுது" என்றார். மூக்கால் அறிந்தவருக்கும் நாவால் அறிந்தவருக்கும் நடுவே அலுவலகத்தில் ஒரு கோப்புக்குள் அந்தத் தாள்கள் அத்தனை ஆண்டும் அடைபட்டுக் கிடந்திருக்கின்றன. என் பணிவாழ்வில் நான் செய்த உருப்படியான புதுமை எது என்று கேட்டால், அந்தத் தாளை நாற்பது அடி தூரம் நடந்து கொண்டுபோனதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வாரம் அதே இடத்தில், தொட்டிகளில் இலை பரப்பும் வேலை செய்த ஓர் அக்கா பேசினார். "டிசம்பர்ல வீட்டுல மாவு பொங்காது சார். அடுப்புப் பக்கத்துல கம்பளியைச் சுத்தி வெப்போம். இங்க மட்டும் ஏன் ஜில்லுன்னு இருக்கிற தரையில இவ்வளவு மெலிசாப் பரப்புறோம்?"

நான் உடனே பதில் சொன்னேன். மாவு புளிப்பது நுண்ணுயிரிகளால், தேயிலையில் நடப்பது நொதியால், இரண்டும் வேறு வேறு என்று விளக்கினேன். நான் சொன்னது முழுக்கச் சரி. அவர் தலையாட்டிவிட்டு இலைத் தொட்டிக்குத் திரும்பிவிட்டார். மூன்று நாள் கழித்து, குளியலறையில் வெந்நீரைக் கலக்கும்போதுதான் உறைத்தது: வேறு வேறு என்பது சரி, ஆனால் இரண்டுக்குமே வெதுவெதுப்பு வேண்டும். அவர் கேட்டது வேதியியல் அல்ல, சூட்டைப் பற்றி. என் படிப்பு அவருடைய கேள்வியில் இருந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அதில் இருந்த உண்மையை என்னிடமிருந்து மறைத்துவிட்டது. தலைமைக்குத் தயாராகும் இளைஞர்களிடம் நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பழக்கத்தைத்தான். அறியாமையால் கெடும் யோசனைகளைவிட, சரியான மறுப்பால் கெடும் யோசனைகள் அதிகம் என்பது என் அனுபவம்.

அவரிடமே போய், ஒரே ஒரு தொட்டி இலையில் செய்து பார்ப்போமா அக்கா என்று கேட்டேன். சுமார் 1,000 கிலோ இலை, முடிவில் 220 கிலோ தூள்; கெட்டாலும் தாங்கக்கூடிய நட்டம். முதல் முறை டூலைத் தட்டுகளில் நிரப்பி டிரையர் பக்கம் வைத்தோம். சூட்டில் மேற்பரப்பு உலர்ந்து கறுத்துப் போயிற்று. அந்தத் தூள் மட்டமான விலைக்குத்தான் போனது. டீமேக்கர்தான் காரணத்தைச் சொன்னார்: மாவில் தண்ணீர் இருக்கிறது, இதற்கும் ஈரக்காற்று வேண்டும். அடுத்த முறை இடத்தை மாற்றவில்லை. தரையிலேயே வழக்கத்தைவிடத் தடிமனாகப் பரப்பினோம், தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று. வாசல்களில் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டு, அறையின் மூலைகளில் வெந்நீர் அண்டாக்களை வைத்தோம். நேரத்தைக் கடிகாரம் சொல்லவில்லை. பச்சை வாடை அடங்கி, பழுத்த ஆப்பிளைப் போன்ற ஒரு வாசம் எழும் வரை காத்திருந்தோம். அன்று அதற்கு 95 நிமிடம் ஆயிற்று. அடுத்த குறிப்பில் புரோக்கர் அந்தத் தூளுக்குப் பொலிவு என்று எழுதியிருந்தார்.

அதன்பின் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். முதலாளி என்னை அழைத்துப் பாராட்டினார். நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க அறிக்கையில் 'செயல்முறையில் மாற்றம் செய்தேன்' என்றே இருந்தது. அக்காவின் பெயரும் இல்லை, டீமேக்கரின் பெயரும் இல்லை. வேண்டுமென்று விடவில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுதும்போது அந்த இடத்தில் என் பேனா ஒரு கணம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சேதி எப்படியோ கீழே போய்விட்டது. யாரும் கோபப்படவில்லை. டிரையர் பக்கம் நான் போனால் மறுபடியும் பேச்சு நிற்க ஆரம்பித்தது.

பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பிறகு டிரையர் பக்கத்தில் எல்லோர் முன்னும் அந்த அறிக்கையைப் படித்து, எங்கெங்கே யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டீமேக்கர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "சரி விடுங்க சார், இலை காத்துக்கிட்டு இருக்கு" என்றார். நம்பிக்கை அன்றே திரும்பிவிடவில்லை. இன்னொரு குளிர்காலம் ஆயிற்று.

அதன்பின் இரவுப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாக வரைந்தோம். ஒன்று, வாசம். மற்றொன்று, சொன்னவர். யார் எதைச் சோதிக்க விரும்பினாலும் ஒரு தொட்டி இலை தரப்படும், கெட்டால் அந்த நட்டம் மேலாளர் கணக்கில் எழுதப்படும், ஆனால் பெயர் சொன்னவருடையதாகவே இருக்கும் என்று முடிவு செய்தோம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அப்படிப் பதினொரு சோதனைகள் நடந்தன. நான்குதான் பலன் தந்தன. பலன் தராத ஏழில் இரண்டு என்னுடையவை. அவற்றிலும் சொன்னவர் என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது.

நான் அங்கிருந்து வேறு தொழிற்சாலைக்கு மாறி வந்த வாரத்தில், பதிவேட்டைக் கடைசியாக ஒரு முறை புரட்டினேன். எழுதத் தயங்கிக்கொண்டிருந்த அக்கா அதற்குள் மகளிடம் எழுத்துப் பழகியிருந்தார். முந்தைய இரவின் பக்கத்தில், கோணல் மாணலான பெரிய எழுத்துகளில், வாசம் என்ற கட்டத்தில் 'இன்னும் வரல, பொறுங்க' என்று இருந்தது. சொன்னவர் என்ற கட்டத்தில் அவர் பெயர். பக்கத்திலேயே டீமேக்கரின் கையெழுத்தில், 'பொறுத்தோம். 110 நிமிடம்.'