ஐ.சி.யூ. வாசலில் நல்லது எது?

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவது என் வேலை. 'நல்லது எது' என்று அறவியல் அறிஞர்கள் போட்ட சண்டையெல்லாம் இங்கே ஐ.சி.யூ. வாசலிலேயே நடக்கிறது.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெந்தாமைக் கேட்டால் விளைவைப் பார் என்பார்: எவ்வளவு துன்பம் குறைகிறது, எத்தனை பேருக்கு? ஒருவரின் உறுப்புகளால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். டயாலிசிஸ் வார்டில் வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களைத் தெரிந்த எனக்கு அந்தக் கணக்கு சும்மா எண் இல்லை.

ஆனால் 1785-லேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் எழுதிவிட்டார்: மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே. நம் 1994-ஆம் வருடத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. மூளைச்சாவை உறுதி செய்யும் மருத்துவர் மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் இருக்கக்கூடாது. பரிசோதனையை ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும்.

பைக் விபத்தில் வந்த ஒரு பையனின் அம்மா அவன் பாதத்தை விடாமல் பிடித்திருந்தார். "கால் சூடா இருக்கேம்மா, நெஞ்சு ஏறி இறங்குதே. போயிட்டான்னு எப்படிச் சொல்றீங்க?" மூச்சு விடுவது வென்டிலேட்டர்தான் என்று விளக்கினேன். தானம் என்ற சொல்லை அப்போது எடுக்கவில்லை. யாரிடம், எப்போது, எப்படி என்று அறிவதையே அரிஸ்டாட்டில் நடைமுறை ஞானம் என்றார். அது பழகப் பழகத்தான் கைகூடும். இந்த வேலைக்கு அவர்தான் அதிகம் உதவுகிறார்.

பிறகு கேட்டபோது குடும்பம் மறுத்துவிட்டது. "இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாமே" என்றார் மூத்த மருத்துவர் ஒருவர். அவர் ஈரமில்லாதவர் அல்ல. உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் அவருடைய நோயாளிகள். அழுத்தினால் ஊரில் நம்பிக்கை போய்விடும், நாளைக்கு யாரும் தரமாட்டார்கள் என்று விளைவுக் கணக்கிலேயே அவருக்குப் பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வெளியே ஒருவருக்கும் தெரியாமல் போனாலும், உடைந்து நிற்கும் ஒரு தாயை நெருக்கிச் சம்மதம் வாங்குவது தப்புதான். இதில் நான் காண்ட் பக்கம்.

மறுத்த குடும்பத்துக்கும் போலீஸ் தாள், பிரேதப் பரிசோதனை, ஆம்புலன்ஸ் என்று அலைச்சல் இருக்கிறது. அன்று உடல் கைக்கு வரும்வரை அந்தப் பையனின் மாமாவோடு நானும் அலைந்தேன்.