மலாயில் பேசப் போகிறீர்களா? உரையைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் 'தெரிமா காசி' தவிர மலாயில் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த நாட்டின் தேசிய மொழி அது, தேசிய கீதமும் அதில்தான். மனசு உறுத்தவே, போன ஆண்டு மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கடைசித் தேர்வு பேச்சுத் தேர்வு. வகுப்பின் முன் நின்று, தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

மலாயை இங்கே ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். தமிழில் எழுதிக்கொண்டால் சட்டென்று மனப்பாடம் ஆகும் என்று நினைத்து, உரை முழுவதையும் அப்படியே எழுதிவிட்டேன். அதுதான் தப்பு. 'நடனம்' என்பதற்கும் 'இருந்து' என்பதற்கும் உள்ள மலாய்ச் சொற்கள் நம் எழுத்தில் இரண்டுமே 'தாரி'தான். முதலாவதில் 'தலை'யில் வரும் த, இரண்டாவதில் 'தேசம்' என்னும்போது வரும் த. ஒத்திகையில் தஞ்சாவூரிலிருந்து வந்தேன் என்று நான் சொன்னது, கேட்டவர்களுக்குத் தஞ்சாவூர் நடனம் என்று விழுந்திருக்கிறது. 'பாகி'யும் இதே கதை: 'பல்'லின் ப போட்டால் காலை, 'பஸ்'ஸின் ப போட்டால் 'எனக்காக' என்பதில் வரும் '-க்காக' என்ற பொருள்.

சரி, ரோமன் எழுத்திலேயே படித்தால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பெராங்' என்ற சொல்லில் எகரத்தைத் தெளிவாகச் சொன்னால் பழுப்பு நிறம். ப-வுக்கும் ர-வுக்கும் நடுவே அதை விழுங்கிச் சொன்னால் போர். எழுதும்போது இரண்டும் ஒன்றே. காதால் கேட்டால்தான் பிடிபடும். அதனால் சிக்குவிடம் (மலாய் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என் உரையை வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஈசூனிலிருந்து சிட்டி ஹால் வரை எம்ஆர்டி ரயிலில் தினமும் அதைக் கேட்டு, கூடவே முணுமுணுப்பேன். மூன்று வாரத்தில் நாக்கு படிந்தது.

தமிழ் கைகொடுத்த இடங்களும் உண்டு. மலாயில் 'காமி' என்றால் நாங்கள், 'கித்தா' என்றால் நாம். ஆங்கிலம் வழியாகப் படித்த வகுப்புத் தோழர்கள் இதில் கடைசிவரை தடுமாறினார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தமிழர்களைச் சொல்லும்போது காமி, சிங்கப்பூரில் வாழும் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும்போது கித்தா, தானாக வந்தது. பேச எடுத்துக்கொண்ட தலைப்பும் நமக்கு நெருக்கமானதே: தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள். கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மொழி தடுக்கினாலும் விஷயம் தடுக்காது.

வாக்கியத்தைச் சின்னதாக வையுங்கள். தமிழில் எவ்வளவு இழுத்தாலும் வினையைக் கடைசியில் சொல்லி முடித்துவிடலாம். மலாயில் வினை நடுவிலேயே வந்துவிடும், என்ன சொல்லப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீளமாக ஆரம்பித்த இரண்டு வாக்கியங்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அப்போது 'சாயா உலாங்', அதாவது திரும்பச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வணக்கம் சொல்வதிலும் கவனம் வேண்டும். இரவு ஏழரை மணி வகுப்பில் 'செலாமாட் பெத்தாங்' பொருந்தாது, அது பிற்பகலுக்கு உரியது. 'செலாமாட் மாலாம்' என்றுதான் தொடங்க வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் அது விடைபெறும்போது மட்டும் சொல்வது என்று நினைத்திருந்தேன்.

அப்புறம், கேள்வி நேரம். உரைக்குத் தயாராகும் நாம் இதை மறந்துவிடுகிறோம். கேள்வி வேகமாக வரும், பாதிச் சொல் புரியாது. 'கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்ல முடியுமா' என்பதற்கு 'போலே உலாங் பெர்லாஹான் சிகிட்?' என்று கேட்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொண்டு போங்கள்.