சொந்தமாக நூல் பதிப்பிக்க எதையெல்லாம் படிக்க வேண்டும்? சிங்கப்பூரிலிருந்து ஓர் அனுபவ வழிகாட்டல்

எழுதி முடித்த சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பதிப்பகத்தைத் தேடுவதா, நாமே வெளியிடுவதா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது வழியில் போனேன். பதிப்பாளர் செய்யும் வேலைகளை, அலுவலகம் முடிந்த மாலைகளில் உட்கார்ந்து ஒரு பாடம்போலப் படித்தேன்.

எனக்கும் ஒரு பதிப்பகத்தின் அழைப்பு வந்தது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தப்படி, அச்சாகும் படிகளில் பெரும்பகுதியை நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் கால வரம்பே இல்லாமல் அவர்களிடம் இருக்கும். செலவும் விற்கும் பொறுப்பும் என்னுடையவை என்றால் உரிமையும் என்னிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சிங்கப்பூரில் பதிப்புரிமை எழுதிய உடனேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். அவ்வளவு நீண்ட சொத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். முதல் பாடம் இதுதான்.

அடுத்து, விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போங்கள். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை எடுத்து, கதைகளை விட்டுவிட்டு, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள். வெளியிட்டவர் யார், எங்கே அச்சானது, என்ன அளவு, எத்தனை பக்கம் என்பதெல்லாம் அங்கே இருக்கும். எழுதியவரே வெளியிட்ட நூல்கள் இங்கே புதுமை இல்லை என்பதும் புரிந்துவிடும்.

அதிக நேரம் கேட்பது பக்க வடிவமைப்பும், அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பும்தான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதும் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும், மாற்றும்போது சில எழுத்துகள் சிதைவதுண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வடிவமைப்பவர் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கெ' போன்றவற்றில் வரும் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். இதை வடிவமைப்பாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக்கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அழகான அட்டையைச் செய்து தரலாம், உள்பக்கங்களை அவரிடம் கொடுக்காதீர்கள்.

மெய்ப்புப் பார்க்க உங்கள் நண்பர் போதாது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து வேலையை ஒப்படையுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் அட்டையில் குறையுங்கள், இதில் வேண்டவே வேண்டாம். பதிப்பகம் இல்லாத நூலைப் பிழை மலிந்த நூலாகவே எதிர்பார்க்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றும் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, அச்சு. நிறையப் படிகள் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு, அதனால் மொத்தப் பக்கங்கள் 16இன் மடங்காக வரும்படி பாருங்கள். குறைந்த படிகள் போதும் என்றால் டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். நூலின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது, ஆகவே அட்டையைக் கடைசியில் முடியுங்கள். சென்னையில் அச்சிட்டால் செலவு குறையும் என்பார்கள். கப்பல் கட்டணத்தையும், பெட்டிகள் இங்கே வந்து இறங்கும்போது கட்ட வேண்டிய 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எத்தனை படிகள் அச்சிடலாம்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அவர்களிலும் நூல் வாங்குபவர்கள் ஒரு சிறு பகுதிதான். இங்கே விற்பனையில் பெரும்பங்கு வெளியீட்டு விழாவன்றே நடந்துவிடும். அதனால் விழாவுக்கு யார் யார் வருவார்கள் என்று பெயர் எழுதிப் பட்டியல் போடுங்கள், அதற்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் வார இறுதிகளை நிறைத்துவிடும். வேறு மாதம் பாருங்கள்.

நூலை உலகெங்கும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியம் தருகிறது. சிங்கப்பூர் எண்கள் 978-981 என்று தொடங்கும். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். நூல் வெளிவந்த நான்கு வாரங்களுக்குள் இரண்டு அச்சுப் படிகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், இது சட்டம். பொது நூலகங்கள் இரவலுக்காக வாங்குவது தனி விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மின்னூலுக்கு, அமேசானின் கிண்டில் தமிழை ஏற்றுக்கொள்கிறது. அதில் கேடிபி செலக்ட் என்ற விருப்பத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி உடன்பாடு இல்லாததால், அமெரிக்க விற்பனையில் வரும் ராயல்டியில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். விலை வைக்கும்போதே இதை மனத்தில் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களை அடைவதே உங்கள் முதல் ஆசை என்றால், பதிப்பகம்தான் நல்ல வழி என்பேன். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் கடை போடுவது சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் தனி ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. அப்போதும் எல்லாவற்றையும் கொடுத்துவிடத் தேவையில்லை. இந்தியாவுக்கான அச்சு உரிமையை மட்டும், ஐந்து ஆண்டு மாதிரி ஒரு கால வரம்போடு கொடுங்கள். சிங்கப்பூர், மலேசிய விற்பனையும் மின்னூலும் மொழிபெயர்ப்பும் உங்களிடமே இருக்கட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் பதிப்பகங்களும் இருக்கின்றன.