கல்லுருண்டையில் ஆறு குமிழ்கள்

சில வாரங்களாக, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல்லுருண்டையைச் செதுக்கி வருகிறேன். ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட புதிய கற்கால உருண்டைகளே இதற்குத் தூண்டுதல். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை 400-க்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலானவற்றின் விட்டம் சுமார் 7 செ.மீ.; மேற்பரப்பில் ஆறு குமிழ்கள், அதாவது உருண்டையான புடைப்புகள், கொண்டவையே மிகுதி.

முதலில் முழு உருண்டை அமைய வேண்டும். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று, இடைப்பகுதியைச் சுற்றி நான்கு என மையங்களைக் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட கல்லை எடுக்க வேண்டும். நான் சுண்ணாம்புக்கல்லில் எஃகு உளியால் அந்த இடைவெளிகளைத் தோண்டத் தொடங்கியபோது, ஒரு குமிழின் விளிம்பு சில்லாகத் தெறித்துவிட்டது. மற்ற ஐந்தையும் அதற்கு ஈடாகச் சிறிதாக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் உளியை ஒதுக்கிவிட்டு, உலோகம் அறியாத அந்தக் கைகள் செய்திருக்கக்கூடியபடி, கடினமான ஒரு கூழாங்கல்லால் கொத்தியும், மணலும் நீரும் இட்டுத் தேய்த்தும் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது பொடி மட்டுமே உதிர்வதால், கல் எங்கே நொறுங்குமோ என்ற அச்சமின்றி வடிவத்தைக் கவனிக்க முடிகிறது. (கிரானைட், மணற்கல் போன்றவற்றின் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதாலும் ஈரத்தில் தேய்ப்பதையே பரிந்துரைப்பேன்.)

பள்ளத்தை எப்படி அமைப்பது என்பதை ஓர் ஆமணக்குக் காய் எனக்குக் கற்பித்தது. அதன் மூன்று புடைப்புகளுக்கு நடுவே உள்ள கோடு வெட்டி உண்டாக்கியதன்று. உள்ளிருந்து பருத்து வந்த இரண்டு வளைவுகள் சந்திக்கும் இடமே அது. ஆகவே இப்போது நான் பள்ளத்தைத் தோண்டுவதில்லை. குமிழின் உச்சியிலிருந்து வளைவைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே வருகிறேன், பள்ளம் தானே உருவாகிறது. ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் எலும்புகளையும் கூழாங்கற்களையும் தம் பட்டறையில் சேர்த்து வைத்திருந்ததன் பயனை, இந்தக் காயைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் நன்றாக உணர்ந்தேன்.

புதிய கல்லுக்கு அமிலமும் சாயமும் பூசிப் பழமைத் தோற்றம் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய பொருளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அளவையும், கைக்குள் அது பொருந்தும் விதத்தையுமே தவிர, மண்ணுக்குள் கிடந்து பெற்ற கறையை அன்று.

மூன்று குமிழ்கள் முடிந்துள்ளன. நான்காவதன் ஒரு பக்கம் இன்னும் சற்றுத் தட்டையாக இருப்பதைக் கண்ணைவிடக் கட்டைவிரல்தான் முன்னதாகக் கண்டுபிடித்தது.