ஒகவாங்கோவில் மொகோரோவிலிருந்து படமெடுப்பது

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் மழைக்காலம் முடிந்த பிறகுதான் வெள்ளம் ஏறும். அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை அங்கே வந்து சேரவே பல மாதம் பிடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தண்ணீர் நிறைந்து நிற்கும், வானத்தில் மேகம் அபூர்வம். அதனால் காலை ஒன்பதுக்கெல்லாம் வெயில் வெளுத்துவிடும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

மொகோரோ என்பது கோல் ஊன்றிச் செலுத்தும் ஒடுக்கமான ஓடம். முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். அதில் தாழ உட்காருவதுதான் பெரிய வரம். அல்லியிலை மேல் நடக்கும் இலைக்கோழியை அதன் கண்மட்டத்திலேயே எடுக்கலாம், பின்னால் இருக்கும் நாணல் பச்சையாகக் கரைந்துவிடும். டிரைபாடுக்கு இடமில்லை. மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டாம், ஓடத்தின் அசைவை அப்படியே லென்ஸுக்கு ஏற்றிவிடும். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிக்கொள்ளுங்கள். கோலைத் தள்ளும்போது ஓடம் குலுங்கும். தள்ளி முடித்து வழுக்கிப் போகும் ஓரிரு நொடியில்தான் ஷட்டரை அழுத்த வேண்டும்.

400 மி.மீ. லென்ஸ் போதும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். தண்ணீரில் பாயும் மீன்கொத்திக்கு 1/3200 வேண்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை: புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது. ஆட்டோஃபோகஸ் முன்னால் ஆடும் நாணலைப் பிடித்துக்கொள்ளும், ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். மீன் கழுகின் தலை தூய வெள்ளை. இருண்ட பாப்பிரஸ் கோரைப் பின்னணியில் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தலையிலுள்ள இறகு ஒன்றுகூடத் தெரியாது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்து எடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் தண்ணீர்ப் பளபளப்பை நீக்கி அல்லித்தண்டுகளைக் காட்டும். ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், வானத்தின் பிம்பமும் மங்கிவிடும். விடியற்காலையில் அதைக் கழற்றி வைப்பதே நல்லது.

நீர்யானைகள் ஆழமான வாய்க்காலில் இருக்கும். ஓட்டுபவர் ஆழமில்லாத ஓரமாகவே போவது அதனால்தான், கிட்டே போகச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள்.

மவுன் நகரிலிருந்து முகாமுக்குப் போகும் சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 20 கிலோ சாமான்தான், அதுவும் மென்மையான பையில். கேமராவும் அந்தக் கணக்கில் சேரும். விமான ஜன்னல் பிளாஸ்டிக், போலரைசர் போட்டால் படத்தில் வானவில் பட்டைகள் விழும். லென்ஸை ஜன்னலுக்கு அருகில் வையுங்கள், ஆனால் ஒட்ட வேண்டாம். அதிர்வு அப்படியே இறங்கும். சூரியன் இருக்கும் பக்கம் உட்கார்ந்தால் வாய்க்கால்கள் வெள்ளிக் கம்பியாக மின்னும்.