விலை கேட்காத பக்தி
‘தி சாங் ஆஃப் பெர்னடெட்’ (1943) படத்தை இன்று ஒரு காட்சியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விரதத்தாலும் செபத்தாலும் தன்னை வருத்திக்கொண்ட தனக்குக் கிடைக்காத மாதாவின் தரிசனம், துன்பமே அறியாத இந்த ஏழைப் பெண் பெர்னடெட்டுக்கு எப்படிக் கிடைத்திருக்கும் என்று மூத்த கன்னியாஸ்திரி குமுறுகிறார். பெர்னடெட்டோ எதிர்வாதம் செய்யாமல், நோய் தின்றுகொண்டிருக்கும் தன் முழங்காலைக் காட்டுகிறாள்.

1858இல் பிரான்ஸின் லூர்து நகரில் 14 வயதுச் சிறுமி பெர்னடெட் மெய்யாகவே மாதாவைக் கண்டாளா என்பதைவிட, அவளாக நடித்த ஜெனிஃபர் ஜோன்ஸின் முகத்தில் தெரியும் கர்வமற்ற உறுதியே என்னை ஆட்கொள்கிறது. ஆஸ்கர் அவருக்கே உரியது.

துன்பத்தை விலையாகக் கொடுத்து அருளை எதிர்பார்த்த அந்தக் கன்னியாஸ்திரியின் வலியும் பொய்யில்லை.

மூலநாவலை எழுதிய ஃபிரான்ஸ் வெர்ஃபெல், நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் லூர்தில் அடைக்கலம் புகுந்த யூதர். அதனால்தானோ என்னவோ, ஐயப்படுபவர்களையும் இப்படம் மதிப்போடு பேசவிடுகிறது.