அசுகா புத்தர், ஹோர்யூஜி சாக்கியமுனி: நாரா பக்கம் ஒரு தரிசனம்

ஜப்பான்ல நாரா போற நம்ம ஆளுங்க நிறைய பேர் தோதாய்ஜி கோயில் பெரிய புத்தரை பார்த்துட்டு, மானுக்கு பிஸ்கட் போட்டுட்டு கிளம்பிடறாங்க. தோதாய்ஜி கண்டிப்பா போகணும், 752-ல அந்த புத்தருக்கு கண் திறந்து வெச்சதே போதிசேனர்னு தென்னிந்தியாவுல இருந்து போன துறவிதான். ஆனா அதுக்கும் 100 வருஷத்துக்கு மேல முன்னாடி வார்த்த ரெண்டு வெண்கல புத்தர் அதே மாவட்டத்துல இருக்காங்க, ரெண்டுமே தோரிங்கற ஒரே சிற்பி பேரை சொல்லுது. அவங்க ரெண்டு பேரையும் கும்பிடணும்னுதான் நான் போனேன்.

முதல்ல அசுகாதேரா. சுத்தியும் வயக்காடு, சைக்கிள் வாடகைக்கு எடுத்துட்டு போகலாம். சோகா நோ உமாகோங்கற பிரபு 588-ல கட்ட ஆரம்பிச்ச பெரிய கோயில், இன்னைக்கு சின்னதா ஒரு மண்டபம்தான் மிச்சம். உள்ள உட்கார்ந்திருக்கறவர் 2.75 மீட்டர் உயரம். இவர் கதையை ஜப்பானோட பழைய சரித்திர நூலான நிஹோன் ஷோகி சொல்லுது: விக்ரகம் முடிஞ்சப்போ கோயில் வாசலை விட பெருசா இருந்துச்சாம், கதவை உடைச்சாதான் உள்ள போகும்னு எல்லாரும் சொல்ல, தோரி கதவுல கை வைக்காமலே உள்ள கொண்டு போய் உட்கார வெச்சுட்டாராம், அதுக்கு சூய்கோ மகாராணி அவருக்கு பதவியும் நெல் வயலும் குடுத்தாங்க.

1196-ல தீ. கோயில் எரிஞ்சு போச்சு, புத்தர் உடம்பு பெரும்பாலும் சிதைஞ்சு பின்னாடி ஒட்டுப்போட்டு சரி பண்ணினதுதான், கண்ணை சுத்தின பகுதியும் வலது கை விரல்களும் பழசுன்னு சொல்றாங்க. கிட்ட போய் பார்த்தா கன்னத்துல அந்த ஒட்டெல்லாம் அப்படியே தழும்பா தெரியுது. எனக்கு இவரை பளபளன்னு இருக்கற எந்த சிலையை விடவும் பிடிச்சிருக்கு, ஏன்னா இவ்வளவு நடந்தும் இவர் இடம் மாறல, அகழாய்வு பண்ணி பார்த்ததுல இப்பவும் அதே பழைய கல் பீடத்து மேலதான் உட்கார்ந்திருக்கார்னு தெரிஞ்சிருக்கு. போட்டோ எடுக்கவும் விடறாங்க, நான் எடுக்கல, கும்பிட்டு உட்கார்ந்துட்டேன்.

அங்க இருந்து ஹோர்யூஜி கோயில். உலகத்துல இன்னும் நிக்கற மரக் கட்டடங்கள்லயே பழசு இங்க இருக்கற கோந்தோ மண்டபம்தான்னு சொல்வாங்க. உள்ள இருட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்னுதான் தரிசனம், கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகுது. அப்புறம் மெதுவா சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தர் தெரியறார், ரெண்டு பக்கமும் புத்தராகப் போற நிலையில இருக்கற போதிசத்துவர்கள். வலது கை அபயம், இடது கை வரதம், நம்ம கோயில்ல பார்க்கற அதே முத்திரைகள்தான், இடது கையில மட்டும் ரெண்டு விரலை நீட்டி மத்ததை மடக்கியிருக்கு. அங்கி பீடத்துக்கு மேல பட்டுப்புடவை கொசுவம் மாதிரி அடுக்கடுக்கா விழுது, ஆனா அது உலோகம்! பின்னாடி ஒளிவட்டத்துல தலையை சுத்தி தாமரை, அதுக்கு வெளிய தீக்கொழுந்து, அந்த தீக்குள்ள சின்ன சின்னதா ஏழு புத்தர்கள், இவரையும் சேர்த்து இதுவரைக்கும் வந்த ஏழு பேர்.

இதை எப்படி வார்த்தாங்கன்னா, களிமண்ணுல உள் உருவம் பண்ணி, அதுமேல மெழுகு பூசி முகம் மடிப்பு எல்லாம் மெழுகுலயே செதுக்கி, வெளிய மறுபடி மண் பூசி சுட்டா மெழுகு உருகி ஓடிடும், அந்த சந்துல வெண்கலத்தை ஊத்தணும். நம்ம சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகுலதான் ஆரம்பிக்கறாங்க, ஆனா உற்சவர் விக்ரகத்தை உள்ள கெட்டியா வார்ப்பாங்க, இங்க உள்ள கூடு. கூடுன்னா சுலபம்னு நினைக்க வேண்டாம், உள் மண்ணு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை. அப்புறம் பாதரசத்துல தங்கத்தை கரைச்சு பூசி சூடு காட்டினா பாதரசம் ஆவியாகி தங்கம் மட்டும் ஒட்டிக்கும். தோரி குடும்பம் குதிரைச் சேணம் பண்ணினவங்க, உலோக வேலை பரம்பரையா கையில இருந்திருக்கு.

ஆனா என்னை உருக்கினது கண்ணால பார்க்க முடியாத ஒண்ணு. ஒளிவட்டத்தோட பின்பக்கம் வரிக்கு 14 எழுத்தா 14 வரி வெட்டியிருக்கு. 622-ல, சூய்கோ மகாராணிக்கு துணையா ஆட்சி நடத்தின ஷோதோகு இளவரசர் படுத்த படுக்கையாயிட்டார், அவரை பார்த்துக்கிட்ட மனைவியும் படுத்துட்டாங்க. வீட்டு ஜனங்க இளவரசர் உடம்பளவுக்கே ஒரு சாக்கியமுனி செஞ்சு வெக்கறோம்னு வேண்டிக்கிட்டாங்க: நோய் தீரணும் ஆயுசு நீளணும், இல்ல போற விதிதான்னா சுத்த பூமிக்கு, அதாவது புத்தரோட உலகத்துக்கு போய் சேரணும். மனைவி ஒருநாள் போனாங்க, அடுத்த நாளே அவரும் போயிட்டார். அப்பவும் நேர்த்திக்கடனை விடல, 623-ல முடிச்சாங்க, கடைசியில தோரி பேரு. பக்கத்துல நிக்கற ரெண்டு போதிசத்துவர்களும் மருந்து குடுக்கறவங்கன்னு கோயில் மரபு சொல்லுது. இதெல்லாம் தெரிஞ்சுட்டு அந்த அபய கையை பார்த்தா கண்ணு நிறைஞ்சிடுது.

வேலை நுணுக்கத்தை கிட்டத்துல பார்க்கணும்னா டோக்கியோ தேசிய மியூசியம் போங்க. 1878-ல ஹோர்யூஜி கோயில்காரங்க ஜப்பான் அரச குடும்பத்துக்கு குடுத்த பொருளுக்குன்னே அங்க தனி கட்டடம் இருக்கு, நாற்பத்தெட்டு புத்தர்னு பேர் வாங்கின சின்ன தங்கப்பூச்சு விக்ரகங்கள் அங்கதான் இருக்கு. கண்ணாடிப் பெட்டியை சுத்தி வந்து முதுகுப்பக்கமும் பாருங்க, சிலதுல ஒளிவட்டம் மாட்டற முளை அப்படியே இருக்கும். திங்கக்கிழமை பொதுவா லீவு, பார்த்து கிளம்புங்க.